இடது காலில் வலி, ஐந்து வாரத்தில் போட்டி

மைதானத்துக் கேலரிப் படிகளில் இறங்கும்போது அந்தப் பெண் இடது காலை மட்டும் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். பிளஸ் டூ மாணவி. எங்கள் மாலைப் பயிற்சிக்கு வரும் ஏழெட்டுப் பேரில் கோலூன்றித் தாண்டுவதில் கெட்டிக்காரி. மாநிலப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. "காலில் என்னம்மா?" என்றேன். "ஷின் பெயின்தான் சார். ரெண்டு ரவுண்டு ஓடினா போயிடும்."

இதே பதிலை நானும் கல்லூரியில் படிக்கும்போது சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு அவளிடம் ஏற்கெனவே நாலைந்து யோசனைகள் சேர்ந்திருந்தன. பள்ளி பி.டி. மாஸ்டர், "பதினைந்து நாள் மைதானம் பக்கமே போகாதே" என்றிருக்கிறார். சீனியர் அண்ணன் ஒருவன், "டேப் சுத்தி ஒரு மாத்திரை போட்டா எதுவும் தெரியாது" என்றிருக்கிறான். பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவிவிட்டார். போனில் பார்த்த வீடியோ, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்கிறது. எதுவும் முழுக்கத் தப்பு இல்லை. அதுதான் சிக்கலே. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வலிக்குச் சரியான பதில். அவளுக்கு இருப்பது எந்த வலி என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

முதலில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும்

முழங்காலுக்குக் கீழே வலி என்றால் அது நாலு விதமாக இருக்கலாம். கட்டை விரலால் எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால் பாதி தெரிந்துவிடும்.

முன்னெலும்பின் உள் ஓரத்தில், கீழ்ப்பாதியில், நாலு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது நாம் ஷின் பெயின் என்று சொல்வதுதான். ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், சூடானதும் அடங்கும், முடித்த பிறகு திரும்ப வரும். எலும்பும் அதை ஒட்டிய சவ்வும் தாங்க முடியாத வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

ஒரே ஒரு விரல் நுனியால் மூடிவிடக்கூடிய இடத்தில் சுரீரென்று வலித்தால் கதை வேறு. ஓட ஓட அடங்காமல் ஏறும் வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் இருக்கும் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் முகம் சுளிக்க வைக்கும் வலி, இதெல்லாம் எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம். அதிலும் எலும்பின் முன் விளிம்பில், நட்ட நடுவில் அந்தப் புள்ளி இருந்தால் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒவ்வொரு அடிக்கும் இழுபடும் பக்கம், அங்கே விழுந்த விரிசல் லேசில் கூடாது. சிலருக்கு உள்ளே கம்பி வைக்க வேண்டியும் வந்திருக்கிறது.

காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்து அடி மரக்கட்டை போல இருந்து, குதிகாலுக்கு மேலே உள்ள கயிறு மாதிரியான தசைநாணைக் கிள்ளினால் வலிக்கிறதா? அது அக்கிலீஸ் தொல்லை. நாலாவது அபூர்வம்: ஓட ஆரம்பித்துச் சரியாக அதே நேரத்தில் காலுக்குள் காற்று அடைத்த மாதிரி இறுகி, பாதம் மரத்து, நின்ற அரை மணிக்குள் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது. இதை மைதானத்தில் வைத்துத் தீர்க்க முடியாது, விளையாட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

ஓடாமலே ஆடுசதை வீங்கிச் சூடாக இருந்தாலோ, பின்னால் யாரோ உதைத்தது போல 'படக்'கென்று சத்தம் கேட்டுப் பாதத்தை ஊன்ற முடியாமல் போனாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு உள் ஓரத்தில், என் கையளவில் ஐந்து விரல் அகலத்துக்கு வலி இருந்தது. ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொன்னேன். குதித்தாள், லேசான வலிதான். ராத்திரி வலி இல்லை. அதே வாரம் இன்னொரு பையனும் வந்தான். அவனுக்கு ஒரு விரல் நுனி. இரண்டு பேருக்கும் ஒரே மருந்தா சொல்ல முடியும்?

ஏன் இடது கால்?

வலது கைக்காரர் இடது காலில் எம்புவார். ஓட்டத்தைக்கூட இடது காலை வைத்துத்தான் எண்ணுவோம்; பதினாறு ஸ்டெப் ஓட்டத்துக்கு 'எட்டு லெஃப்ட்' என்பது மைதானத்துப் பேச்சு. கடைசி லெஃப்டில்தான் எல்லாம் நடக்கிறது. முழு வேகத்தில் வந்து, கோலின் நுனி, அதை ஊன்றுவதற்காகத் தரையில் பதித்திருக்கும் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாக்ஸின் பின்சுவரில் மோதும் நேரத்தில், உடல் எடையின் பல மடங்கு அந்த ஒற்றைப் பாதத்தில் இறங்கும்.

அந்தப் பாதம், கோலை மேலே பிடித்திருக்கும் கைக்கு, அதாவது மேல் கைக்கு, நேர் கீழே விழ வேண்டும். அரை அடி முன்னால் போய் பாக்ஸை நெருங்கி விழுந்தால், 'அண்டர்' என்போம். அப்போது கோல் ஆளைப் பின்னுக்குத் தள்ளும், கணுக்கால் அளவுக்கு மீறி மடங்கும், ஆடுசதையும் முன்னெலும்பும் சேர்ந்து அதைத் தாங்க வேண்டும். பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்து, பாதம் தரையில் இருக்கும் ஃபிரேமில் நிறுத்தி, மேல் கையிலிருந்து ஒரு நேர்கோடு இறக்கிப் பாருங்கள். இந்தப் பெண்ணின் ஏழு தாண்டல்களைப் பார்த்தேன். ஐந்தில் அண்டர். இரண்டு மாதம் முன்பு கிரிப்பை, அதாவது கோலைப் பிடிக்கும் இடத்தை, உயர்த்தினாள்; அதற்கேற்பப் பின்னால் தள்ள வேண்டிய ஓட்டத்தின் ஆரம்பக் குறியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டாள். வலி எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

முழு ஓய்வு

விரிசலாக இருந்தால் இதற்கு மாற்றே கிடையாது. உள் ஓர விரிசல் என்றால் ஆறு முதல் எட்டு வாரம், முன் விளிம்பு என்றால் மாதக்கணக்கில். பேரம் பேசக்கூடாது. அந்தப் பையனுக்கு இதைத்தான் சொன்னேன், அவன் அப்பாவிடமும் சொன்னேன், ஸ்கேன் எடுக்கச் சொன்னேன்.

ஸ்கேன் என்றதும் எல்லோரும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருவார்கள். என் கதை இங்கேதான் வருகிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் எனக்கும் இடது காலில் ஒரு விரல் நுனி அளவுதான் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "எலும்பு சுத்தமாக இருக்கிறது, தாராளமாக ஓடு" என்றார்கள். ஓடினேன். மூன்று வாரம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தாண்டினேன். நாலாவது வாரம் பஸ் படியில் ஏற முடியவில்லை. அப்புறம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தெளிவாக ஒரு கோடு. புதிதாக விழுந்த நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது எனக்கு ஏழு மாதம் ஆனது. சந்தேகம் வலுவாக இருந்தால் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதை நம்பி ஓடக்கூடாது. எம்.ஆர்.ஐ.க்குச் சில ஆயிரம் ஆகும்தான். ஒரு ஜோடி நல்ல ஸ்பைக்ஸ் வாங்கும் காசு.

ஆனால் பரவலான ஷின் பெயினுக்கு வெறும் ஓய்வு அவ்வளவு நல்ல பேரம் இல்லை. பதினைந்து நாள் வீட்டில் இருந்தால் வலி போகும், உண்மை. கூடவே ஆடுசதையின் பலமும் போகும். பதினாறாம் நாள் அதே குறி, அதே கோல், அதே அண்டர். ஒரு வாரத்தில் வலி திரும்ப வந்து நிற்கும். பி.டி. மாஸ்டர் சொன்னதில் குறை ஓய்வில் இல்லை, ஓய்வுக்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லாததில்தான்.

ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு தாண்டுவது

நீளம் தாண்டுகிறவருக்கு இடது கால் போனால் எல்லாம் போச்சு. நம் விளையாட்டில் அப்படி இல்லை. பாதிப் பயிற்சி கையிலும் வயிற்றிலும் தோளிலும் நடக்கிறது. கயிறு ஏறலாம். ஹைபாரில் தொங்கி, காலை மேலே கொண்டுபோய்த் தலைகீழாக நிற்கலாம். கோலைப் பிடித்தபடி நடந்துகொண்டே பிளான்ட் போட்டு, அதாவது கோலை ஊன்றி, பழகலாம். ஆக, என்னைக் கேட்டால் 'நிறுத்துவதா, தொடர்வதா' என்ற கேள்வியே நமக்குப் பொருந்தாது. பயிற்சியைப் பிரித்துப் போட்டு, காலைக் கடிக்கிற துண்டை மட்டும் எடுத்து வெளியே வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடிக்கிற துண்டு பல நேரம் தாண்டல்கூட இல்லை. பவுண்டிங் (நீள நீளமாகத் தாவித் தாவி ஓடுவது), ஹர்டில் மேல் தொடர்ச்சியாகக் குதிப்பது, மண் இறுகிய ரவுண்டில் ஸ்பைக்ஸோடு ஸ்ப்ரின்ட், இவைதான். இந்தப் பெண்ணுக்கு முதல் நாளே இந்த மூன்றையும் நிறுத்தினோம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள்.

அப்புறம் ஓட்டம். 14 ஸ்டெப்பை 8 ஆக்கினோம். வேகம் குறையும்போது பாதத்தில் இறங்கும் அடியும் குறையும். கிரிப்பைக் கிட்டத்தட்ட இரண்டு கை அகலம் இறக்கி, ஒரு படி மென்மையான கோலைக் கொடுத்தோம். இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, பழைய விறைப்பான கோலையே வைத்துக்கொள்வது. குறைந்த வேகத்தில் அது வளையாது, பாக்ஸில் மோதி நிற்கும், அந்த அதிர்ச்சி மொத்தமும் நேராகக் காலுக்கு வரும். முழு ஓட்டத்தைவிட மோசம். இரண்டாவது, குட்டி ஓட்டம்தானே என்று நாற்பது முறை தாண்டுவது. எண்ணிக்கையை நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் வாரம் மொத்தமே பன்னிரண்டு தாண்டல், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

வலி எவ்வளவு வரை பரவாயில்லை? பத்துக்கு இரண்டு மூன்றைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலை முந்தின நாளைவிடக் கூடியிருக்கக்கூடாது. அக்கிலீஸ் என்றால் கொஞ்சம் தாராளம் காட்டலாம், ஐந்து வரைகூட அனுமதிக்கிற பிசியோக்கள் உண்டு. எலும்பு விரிசல் என்றால் ஒன்றும் கூடாது.

பலமேற்றுவது

இது தனி வழி இல்லை, மேலே சொன்னதோடு சேர்ந்து போக வேண்டியது. தனியாகச் செய்தாலும் பலன் உண்டு, மெதுவாக.

குதிகாலைத் தூக்கி இறக்குவதில் ஒரு சுவையான கதை இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கு அக்கிலீஸில் தீராத வலி. அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார், செய்ய மறுத்துவிட்டார்கள். சரி, இதை அறுத்தே விடுவோம், அப்புறமாவது செய்துதானே ஆக வேண்டும் என்று தசைநாண் மேல் கன்னாபின்னாவென்று பாரம் ஏற்றியிருக்கிறார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது! 1998-ல் அவர் வெளியிட்ட முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், முழங்கால் நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, ஒவ்வொன்றும் 15 வீதம் மூன்று செட், காலை மாலை, பன்னிரண்டு வாரம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. அக்கிலீஸ் எலும்பில் ஒட்டுகிற அடியிடத்தில் வலி என்றால் மட்டும் படி வேண்டாம். சமதரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குதிகால் கீழே தொங்கினால் அந்த இடம் நசுங்கும்.

ஐந்து வாரத்தில் போட்டி வைத்துக்கொண்டு பன்னிரண்டு வார மருந்தைத் தொடங்குவதில் என்ன லாபம் என்று கேட்பார்கள். அடுத்த சீசனும் வருமே. வி.எஸ். சுரேகா 2014-ல் வைத்த 4.15 மீட்டர் தேசிய சாதனையை இன்னொரு தமிழ்நாட்டுப் பெண்ணான ரோசி மீனா 2022 காந்திநகர் தேசியப் போட்டியில் 4.20 தாண்டி முறியடிக்க எட்டு வருடம் ஆனது. இந்த விளையாட்டில் வருடங்களைத்தான் எண்ணுகிறோம்.

ஷின் பெயினுக்கு முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி, தொடைமேல் எடையை வைத்துக் குதிகாலைத் தூக்குவது நல்லது. உள் ஓரத்தில் எலும்பைப் பிடித்திழுக்கும் ஆழ்சதைக்கு அதுதான் வேலை கொடுக்கும். எடைக்கு நாங்கள் அரிசிப் பையை வைத்துக்கொண்டோம்.

மாத்திரை, டேப், ஊசி

சீனியர் அண்ணன் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, உச்சத்தில் இருப்பவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 2009 பெர்லின் உலகப் போட்டிக்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஹூக்கர் தொடையின் உட்புறத் தசையில் காயத்தோடு வந்தார். தகுதிச் சுற்றில் ஒரே தாண்டல். இறுதிச் சுற்றில் உயரங்களைப் பாஸ் செய்துகொண்டே, அதாவது தாண்டாமல் விட்டுக்கொண்டே, உட்கார்ந்திருந்து, 5.85-ல் ஒரு முறை தவறி, 5.90-ஐத் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் காயம் சதையில், பக்கத்தில் மருத்துவர்கள், முன்னால் உலகப் பட்டம். பதினேழு வயதுப் பெண்ணின் எலும்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் பாஸ் செய்து தாண்டல்களைக் குறைக்கும் அந்தத் தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டோம்.

வலி மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை ஆற்றாது. அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் நிறுத்தச் சொல்லும் ஒரே குரலையும் அமுக்கிவிட்டோம் என்றாகும். டேப்பால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. அக்கிலீஸில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதை நான் ஒப்பவே மாட்டேன். தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு நல்ல காசு கேட்பார்கள். 2010-ல் நெதர்லாந்தில் அதை உப்புத் தண்ணீர் ஊசியோடு வைத்துச் சோதித்ததில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இன்னொன்று. வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக் கடையில் போய் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அந்த வகை மாத்திரைகள் அக்கிலீஸைப் பலவீனப்படுத்தக்கூடியவை. கால் வலியுள்ள ஓட்டக்காரர் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டு வேறு மருந்து கேட்பது நல்லது.

எண்ணெயும் கட்டும்

ஆடுசதை இறுகியிருந்தால் பாட்டியின் எண்ணெய் இதமாகத்தான் இருக்கும், தூக்கமும் வரும். எலும்பு ஓரத்தில் மட்டும் அழுத்தி நீவ வேண்டாம். ஊருக்கு ஊர் போர்டு வைத்திருக்கும் புத்தூர் கட்டு பற்றிக் கேட்டாள். விரிசல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காலை இறுக்கிக் கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பாட்டிக்கு என் மேல் இன்னும் கோபம்.

ஷூ, தரை, சாப்பாடு

தேய்ந்த ஷூவை மாற்றுங்கள், வார்ம்-அப்பைப் புல்லில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பைக்ஸைத் தாண்டும்போது மட்டும் போடுங்கள். அக்கிலீஸ்காரர்களுக்குக் குதிகாலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத் துண்டு வைத்தால் சீக்கிரம் இதம் கிடைக்கும். எல்லாம் துணைக்குத்தான்.

சாப்பாடு அப்படி இல்லை. எடை குறைந்தால் உயரம் கூடும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விடுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உடம்புக்குப் போதிய தீனி இல்லாவிட்டால் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளாது. மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ அது எலும்பு விடுக்கும் எச்சரிக்கையும்தான். இதை நான் கேட்டால் பதில் வராது என்று எங்கள் பயிற்சியாளர் அக்காவைக் கேட்கச் சொன்னேன். இரண்டு மாதமாக வரவில்லையாம். அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் அவள் பையில் இரண்டு முட்டையும் வேர்க்கடலை உருண்டையும். மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினோம், வைட்டமின் டி குறைவு.

ஆக, அவளுக்கு நாங்கள் எடுத்தது குறைத்த ஓட்டமும் அரிசிப் பையும் இரண்டு முட்டையும். ஆரம்பக் குறியை ஒரு பாதம் பின்னால் தள்ளிச் சுண்ணாம்பால் புதிதாகக் கோடு போட்டோம். மூன்றாம் வாரம் 10 ஸ்டெப். போட்டியிலும் அதே 10 ஸ்டெப்தான், முதல் இரண்டு உயரங்களைப் பாஸ் செய்து மொத்தம் ஆறு தாண்டல். அவள் அதுவரை தாண்டிய அதிகபட்ச உயரத்துக்கு இருபது சென்டிமீட்டர் குறைவு, மூன்றாம் இடம். பையன் அன்றைக்குக் கேலரியில் உட்கார்ந்து வீடியோ எடுத்தான். அவனுக்கு எம்.ஆர்.ஐ.யில் விரிசல் உறுதியாகி நாலாவது வாரம், நடை மட்டும்தான்.

திங்கள்கிழமை அவள் காலில் மறுபடி விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்து விரல் அகலம் இரண்டு விரலாகக் குறைந்திருந்தது. 14 ஸ்டெப்புக்குப் போகலாமா என்று கேட்டாள். இன்னும் மூன்று வாரம் பத்திலேயே இருக்கட்டும் என்றேன்.